நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்

2022 மார்ச் 28, திங்கட்கிழமை. கெய்ரோவை ஒட்டிய கிஸா, ஸஃப்ஸாஃப் தெரு, பதினான்காம் எண் கட்டடம், நான்காம் மாடி, முன்பக்க வீடு. பால்கனிக் கம்பிக்கும் மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் இடையே உள்ள தூரம்: நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.

மதிப்பீட்டாளர் வஜீஹ் இதைக் குறித்துக்கொண்டிருந்தபோது ஒரு மினிபஸ் பால்கனியை உரசிவிடுவதுபோலக் கடந்து போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி நக்லாவின் வரவேற்பறையை ஒரு பார்வை பார்த்தான்: சோபா, அலமாரி, ஊதா நிற வீட்டு அங்கியில் நின்றிருந்த அவள். அந்தப் பார்வை அவளுக்குப் பழகிவிட்டது. பாலம் வந்த பதினெட்டு மாதங்களில் பாதி ஊர் அவள் வரவேற்பறையைப் பார்த்துவிட்டது.

வஜீஹ் உண்மையில் அவளுக்காக வரவில்லை. பின்பக்க வீட்டை, தங்கை தஹானியின் வீட்டை, வாங்க ஒருவர் முன்வந்திருந்தார். வங்கி அதை அளக்க இவரை அனுப்பியிருந்தது. படிக்கட்டில் அவரைப் பார்த்த நக்லா, "என் வீட்டையும் ஒரு பார்வை பாத்துடுங்க எஞ்சினியர், உங்க கூலியை நானே தர்றேன்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டி வந்திருந்தாள்.

"நூத்தி இருபத்தொண்ணு சதுர மீட்டர்" என்றார் வஜீஹ்.

"பத்திரத்துல நூத்தி இருபத்தாறு இருக்கே."

"மூணு தடவை அளந்துட்டேன் மேடம்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பழைய கட்டடம். அப்படி இப்படி இருக்கும்."

"பக்கத்து வீடு எவ்வளவு? ரெண்டும் ஒரே அளவு. எங்க அப்பா நின்னு கட்டினது."

அவர் காகிதத்தைப் புரட்டினார். பிறகு இன்னொரு முறை புரட்டினார்.

"நூத்தி முப்பத்தொண்ணு."

வெளியே ஒரு லாரி போனது. அலமாரிக்குள் கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்லப் பல்லைக் கடித்தன. அது கடந்து போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். இந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கும்.

"எவ்வளவுக்குப் போகும்?"

"உண்மையைச் சொல்லவா? ரோட்டுல கடை வச்சிருந்தா ரோடு சோறு போடும். எட்டாவது மாடின்னா வெறும் சத்தத்தோட போயிடும். உங்க வீடு சக்கரத்துக்கு நேரா இருக்கு. சத்தம், புகை, போறவன் வர்றவன் கண்ணு. இந்த வரிசையில முன்பக்க வீடு ஒண்ணுகூட ரெண்டு வருஷமா விக்கல. ஒப்பிட்டுப் பாக்க ஒரு விலை இருந்தாதானே நான் எழுத முடியும்? நூத்துக்கு நாப்பது கழிச்சு எழுதறேன். ஆனா எழுதற விலை வேற, வாங்க வர்ற ஆள் வேற."

"வெள்ளிக்கிழமை காலையில வந்து பாருங்க. புறா குனுகறது கேக்கும்."

வஜீஹ் சிரித்துவிட்டார். "எல்லாரும் வெள்ளிக்கிழமை காலையிலதான் காட்டறாங்க மேடம். வாங்கறவன் யாருகிட்டயும் சொல்லாம, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரும்ப வருவான். கீழ நின்னு அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுவான். அப்புறம் போனை எடுக்கமாட்டான்."

அவர் அளவு நாடாவின் பொத்தானை அழுத்தினார். இரும்பு நாடா தரையில் பாம்புபோல நெளிந்து, சர்ரென்று ஓடிவந்து, டக்கென்று பெட்டிக்குள் அடங்கியது.

*

ஒன்பது வருடங்களுக்கு முன் அப்பா இறந்த நாற்பதாம் நாள், இந்த இரண்டு வீடுகளையும் பிரிக்க ஒரு தேநீர்க் கோப்பையில் சீட்டுப் போட்டார்கள். கெய்ரோவில் வீடு பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, வடக்கு பார்த்ததா என்பதுதான். கோடையில் ஊரே அடுப்பாக வேகும்போது வடக்கிலிருந்து வரும் காற்று ஒன்றுதான் மனிதரைக் காப்பாற்றும். முன்பக்க வீடு வடக்கு பார்த்தது. பின்பக்க வீட்டுக்கு, கட்டடத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை திறந்து கிடக்கும் காற்றுக் கிணறும் அதில் தொங்கும் மற்றவர்களின் துணிகளும்தான் காட்சி.

சீட்டுகளை எழுதியவள் நக்லா. இரண்டிலும் "பின்பக்கம்" என்றே எழுதினாள். "நீ சின்னவ, நீ முதல்ல எடு" என்றாள். தஹானி எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டு, "உனக்குக் காத்து, எனக்குத் தூக்கம்" என்று சிரித்தாள். மிச்சமிருந்த சீட்டை நக்லா சமையலறையில் அடுப்பு நெருப்பில் காட்டினாள்.

ஏழரை வருடம் பால்கனியில் உட்கார்ந்து காற்று வாங்கினாள். எதிர்வீட்டு மாடியின் மல்லிகை வாசம் அந்தியில் அவளிடம் மட்டும் வரும். அதன் பிறகு பாலம் வந்தது.

இப்போது தஹானியின் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். இப்போது தஹானிக்கு ஆள் வந்திருக்கிறது. தஹானி விற்றுவிட்டுப் போவாள், மரங்கள் உள்ள புதுநகரம் ஒன்றில் குடியேறுவாள், விருந்துக்கு வரும்போது "பாவம் அக்கா" என்பாள். அந்தப் "பாவம்" இப்போதே நக்லாவின் காதில் விழுந்தது. அது லாரியைவிடச் சத்தமாக இருந்தது.

அன்று மாலை அவள் தெருமுனைக் கடையில் ஒரு அளவு நாடா வாங்கினாள். வரவேற்பறையை அளந்தாள். பால்கனிக் கதவிலிருந்து தங்கை வீட்டோடு பொதுவாக உள்ள சுவர்வரை. எண்ணை எழுதி வைத்தாள். மறுநாள் காலை மறுபடி அளந்தாள்.

மூன்று விரல்கடை குறைந்திருந்தது.

நாடாவைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி அளந்தாள். சாப்பாட்டு மேசையின் பின்வரிசை நாற்காலிகள் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே அவள் துடைப்பத்தை விட்டுப் பெருக்குவது வழக்கம். அந்த இடம் நன்றாக நினைவிருந்தது. தரை ஓடுகளில் அந்த மூலையில் ஒன்று விரிசல் விட்டிருக்கும். குனிந்து தேடினாள். விரிசலைக் காணோம். பாதி ஓடுதான் தெரிந்தது. சுவர் அதன் மேல் நின்றிருந்தது, எப்போதும் அங்கேயே நின்றதுபோல, அடியில் பழைய அழுக்குக் கோட்டோடு.

*

"வா அக்கா, வா. செருப்பைக் கழட்டாத" என்றாள் தஹானி. பள்ளியில் தையல் ஆசிரியை, வேலைக்குக் கிளம்பும் முன் சமைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் தோளில் ஒரு நூல்துண்டு ஒட்டியிருக்கும்.

நக்லா நுழைவாயிலிலேயே நின்றுவிட்டாள். வீடு பெரிதாகத் தெரிந்தது என்று சொல்லிவிட முடியாது. நடக்க ஒரு அடி கூடுதலாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அமைதி அங்கே ஒரு துணிபோல மடித்து வைக்கப்பட்டிருந்தது. பூண்டும் கொத்தமல்லியும் நெய்யில் பொரியும் வாசம். அதற்கும் அடியில் வேறொரு வாசம்.

மல்லிகை.

முகத்தில் காற்று பட்டது. வடக்கிலிருந்து. அந்தப் பக்கம் ஜன்னல் எதுவும் கிடையாது, பொதுச் சுவர்தான் இருந்தது. காற்று அதிலிருந்து வந்தது, திறந்த ஜன்னலிலிருந்து வருவதுபோல, திரைச்சீலையை லேசாகத் தூக்கி இறக்கியபடி.

"ஃபேன் போட்டிருக்கியா?"

"ஃபேனா? கரண்டு பில்லை யாரு கட்றது? கொஞ்ச நாளா இங்க ஜில்லுனு இருக்கு. அல்லா குடுக்கறார், நான் வாங்கிக்கறேன்." தஹானி கரண்டியை ஆட்டினாள். "ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? பொறாமையா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நக்லாவும் சிரித்து வைத்தாள். வாய் சிரித்தது, தாடை வலித்தது. அந்தக் காற்று என்னுடையது, என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. என் காற்று. என் மல்லிகை.

"நீ சுவரை ஏதாவது இடிச்சுக் கட்டினியா?"

"நானா? ஊசியில நூல் கோக்கறதுக்கே கண்ணாடி தேடறவ. சுவரா?"

*

வஜீஹ் சொன்னது சரியாக நடந்தது. தஹானியின் வீட்டைக் கேட்டவர் ஹாஜி ஷுக்ரி, ரயில்வேயில் நாற்பது வருடம் வேலை பார்த்து, இனி சாகும்வரை சத்தம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர். மார்ச் 29, செவ்வாய், மாலை ஐந்து மணிக்கு யாரிடமும் சொல்லாமல் வந்தார். தஹானி இன்னும் பள்ளியிலிருந்து திரும்பவில்லை. படிக்கட்டில் மூச்சு வாங்கி நின்றவரை நக்லா பார்த்தாள்.

யோசிக்கக்கூட இல்லை.

"பின்பக்க வீட்டையா பாக்கறீங்க, ஹாஜி? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. கோடையில அந்தக் காத்துக் கிணத்துல சாக்கடை பொங்கும். எலி இருக்கு. போன வருஷம் படுக்கையிலயே ஏறிடுச்சு. ராத்திரி சுவருக்குள்ள சத்தம் வேற. என்னோட சொந்தத் தங்கச்சி வீடு, எனக்கென்ன லாபம் பொய் சொல்லி?"

ஹாஜி ஷுக்ரி ஒரு நிமிடம் தாடியைத் தடவினார். "அல்லா உங்களுக்கு நன்மை செய்யட்டும்மா" என்று இறங்கிப் போனார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தஹானி கதவைத் தட்டினாள். அழுதிருப்பாள் என்று நக்லா எதிர்பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்க, சொல்லப்போனால், கொஞ்சம் ஆசையாகக்கூடக் காத்திருந்தாள்.

"போகட்டும் அக்கா" என்றாள் தஹானி. அவள் முகம் தெளிவாக இருந்தது. "நல்லதுக்குத்தான். யோசிச்சுப் பாத்தேன். இந்த மாதிரி ஒரு வீடு எங்க கிடைக்கும்? நான் எங்கயும் போகல. சாகறவரைக்கும் இங்கதான்."

அன்று மாலை நக்லா இரண்டு முறை அளந்தாள். ஒரு மீட்டர் போயிருந்தது.

*

ஏப்ரல் 2, சனிக்கிழமை, ரமலான் நோன்பு தொடங்கியது.

நோன்பு திறக்கும் நேரத்தில் கெய்ரோ செத்துப்போகும். தொலைக்காட்சியில் பீரங்கி முழங்கும், பாங்கு ஒலிக்கும், அடுத்த கால் மணி நேரத்துக்குத் தெருவில் ஒரு சக்கரம் உருளாது. வருடத்தில் முப்பது நாள், நாளைக்குப் பதினைந்து நிமிடம், நக்லாவின் வீடு பழைய வீடாக இருக்கும். பாலம் வந்த பிறகு அவள் அதற்காகவே நோன்பை எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

பீரங்கி முழங்கியது. ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். கடைசி வண்டி எங்கோ தொலைவில் தேய்ந்து மறைந்தது. டீசல் புகை மெல்லப் படிந்தது. அலமாரிக் கோப்பைகள் ஓய்ந்தன. அந்த அமைதியில், பழத்தின் கொட்டை நாக்கில் இருக்க, அவள் முதுகுக்குப் பின்னால், பொதுச் சுவருக்குள், ஏதோ நீளமான, மெல்லிய இரும்பு ஒன்று தரையோடு இழுபட்டுக்கொண்டே போகும் ஒலி கேட்டது. நின்றது. சிறிது நேரம், யாரோ குனிந்து எண்ணைப் படிக்கிற நேரம், ஒன்றுமில்லை.

சர்ர்ர். டக்.

நக்லா எழுந்து படிக்கட்டுக்கு ஓடினாள். இரண்டு வீட்டுக் கதவுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தங்கையின் கதவைக் கையால் அறைந்தாள்.

"என்னடி அளக்கற? என் வீட்டை ஏன் அளக்கற?"

தஹானி வாயில் சோற்றோடு நின்றாள். பின்னால் மேசையில் இரண்டு தட்டுகள். "எதை அக்கா? என்கிட்ட துணி அளக்கற நாடாதான் இருக்கு. வா, உக்காரு. உனக்கும் சேத்துத்தான் போட்டு வச்சிருக்கேன்."

இரண்டாவது தட்டு நக்லாவுக்குத் தெரிந்தது. தட்டின் பின்னால் மேசை, மேசையின் பின்னால் சோபா, சோபாவின் பின்னால் தரை, தரை, தரை. தூரத்தில், அந்தச் சுவரின் அடியில், விரிசல் விட்ட ஒரு ஓடு.

"எனக்குப் பசியில்ல" என்றாள்.

தினமும் கேட்டது. பீரங்கிக்குப் பிறகு, அமைதியில். இழுபடும் இரும்பு. இடைவெளி. சர்ர்ர். டக். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அருகே. அவள் நாற்காலிகளை அகற்றினாள், பிறகு மேசையை. படுக்கையறையில் கட்டில் குறுக்கே நிற்கவில்லை, நெடுக்காகத் திருப்பினாள். தலைமாட்டில் பால்கனிக் கதவு. பகலில் பஸ்ஸில் போகிறவர்கள் அவள் தலையணையைப் பார்த்தார்கள். டயர்கள் பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போதெல்லாம், தட்-தட், அவள் பல்லில் கேட்டது.

கீழே வாசல்காவலர் பக்கீதை மேலே வரச் சொன்னாள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"வீடு சின்னதா இருக்கா இல்லையா, பக்கீத்?"

"சாமான் அதிகமா இருக்கு மேடம்" என்றார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. போகும்போது கதவு முழுதாகத் திறக்கவில்லை. பாதியில் சுவரில் இடித்தது. உடம்பை ஒருக்களித்து வெளியேறி, வேகமாகப் படியிறங்கினார்.

அன்றே வெளியேறியிருக்கலாம். அவள் அதை யோசித்தாள். ஒரு பையில் துணியை எடுத்து வைத்தாள்கூட. ஆனால் போனால் எங்கே போவது? நான்கடி தள்ளித் தங்கை வீடுதான் இருந்தது. அங்கே போய், அந்தக் காற்றில், அந்த மேசையில், விருந்தாளியாக உட்கார வேண்டும். "பாவம் அக்கா" என்று தஹானி தட்டில் சோறு வைப்பாள். தன் சொந்த வரவேற்பறையில் உட்கார்ந்து, தன் சொந்த மல்லிகையை மோந்துகொண்டு, நன்றி சொல்ல வேண்டும்.

பையிலிருந்து துணிகளைத் திரும்ப எடுத்தாள்.

*

ஏப்ரல் 14, வியாழன். பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பு தஹானி தட்டினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் சுவர்.

"அக்கா, என்ன இது? கதவை நல்லாத் திற. முலூகிய்யாக் கீரை பண்ணியிருக்கேன், கோழி பண்ணியிருக்கேன். பத்து நாளா ஒரு பழத்தைத் தின்னுட்டுப் படுக்கற. எலும்பா போயிட்ட. அந்தப் பக்கமா நுழைஞ்சு வா, நான் பிடிச்சு இழுக்கறேன். வா அக்கா." இடுக்கு வழியாக ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் ஒரு நூல்துண்டு. அந்தக் கையைச் சுற்றி, சில்லென்று, மல்லிகையோடு, வடக்குக் காற்று உள்ளே வந்தது.

நக்லா கையைப் பார்த்தாள். பிடித்தால் போதும். அவள் ஒருக்களித்தால் இன்னும் நுழையும்.

"உன் வீடு ரொம்பப் பெருசாயிடுச்சுல்ல?" என்று கேட்டாள்.

"என்ன வீடு? எந்த வீடு? வா அக்கா, பாங்கு சொல்லப்போறாங்க."

"நீயே உக்காந்து சாப்பிடு."

கதவைச் சாத்தினாள். கை அவசரமாக வெளியே இழுக்கப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு மாவு அரைபடுவதுபோல ஒரு மெல்லிய உராய்வு. திரும்பிப் பார்த்தபோது கதவின் விளிம்பில் சுண்ணாம்பு ஏறியிருந்தது. கைப்பிடி பாதி தெரிந்தது.

பிறகு தெரியவில்லை.

பீரங்கி முழங்கியது. பாங்கு. பாலம் அடங்கியது.

இருட்டு. அவள் முதுகில் சுவர். முன்னால் பால்கனிக் கதவு. நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. காதை வைத்தாள். அந்தப் பக்கம் தட்டுகள் வைக்கும் ஒலி. ஒன்று. இரண்டு. நாற்காலி இழுபடும் ஒலி.

"தஹானி!"

சுவர் அவள் குரலைத் திரும்பக்கூடத் தரவில்லை.

இரும்பு இழுபட்டது. இந்த முறை சுவருக்குள் இல்லை. அவள் காலடியில். குளிர்ந்த, மெல்லிய ஒன்று குதிகாலைத் தொட்டு, வளைந்து, அங்கியின் விளிம்பில் கொக்கிபோல மாட்டிக்கொண்டது. நின்றது. யாரோ குனிந்து எண்ணைப் படிக்கிற நேரம்.

பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்தாள். கம்பி. கம்பிக்கு அப்பால் இடைவெளி. கீழே நான்கு மாடி. எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், காலியான சாலை.

கால் மணி நேரம் முடிந்தது. முதல் மினிபஸ் வந்தது. வயிறு நிறைந்த முகங்கள் ஜன்னலில். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். கத்தினாள். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒருவன், வழக்கம்போல, ஒரு பார்வை பார்த்தான்.

சர்ர்ர்.

*

2022 மே 9, திங்கட்கிழமை. கிஸா, ஸஃப்ஸாஃப் தெரு, பதினான்காம் எண் கட்டடம். புதிதாக ஒருவர் வாங்க விரும்பிக் கேட்டதால், வங்கி மதிப்பீட்டாளர் வஜீஹை மறுபடி அனுப்பியது. தன் பழைய குறிப்பேட்டை அவர் அலுவலகத்தில் தேடினார், கிடைக்கவில்லை. அறிக்கையில் எழுதியது இது:

நான்காம் மாடியில் வீடு ஒன்று. கதவு ஒன்று. பரப்பு இருநூற்று ஐம்பத்திரண்டு சதுர மீட்டர். உரிமையாளர் தஹானி. விற்க விருப்பமில்லை என்கிறார். உணவு மேசையில் இரண்டு தட்டுகள் வைத்திருக்கிறார், ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சாலைப் பக்கம் ஜன்னல், பால்கனி எதுவும் இல்லை, முழுச் சுவர். உள்ளே சத்தம் இல்லை. நல்ல வடக்குக் காற்று. சாலைக்காகக் கழிக்க வேண்டியது எதுவுமில்லை.

சுவருக்கும் மேம்பாலத்துக்கும் இடையே உள்ள தூரம்: நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அந்த இடைவெளியில், நான்காம் மாடி உயரத்தில், ஊதா நிறத் துணி ஒன்று சிக்கியிருக்கிறது. காற்று இல்லாதபோதும் அசைகிறது. விற்பதாக இருந்தால், அதற்கு முன் அகற்ற வேண்டும்.